எட்டு லாரித் தண்ணீர்

சூப்பர்வைசர்: ...அதனால மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு மச்சான். விஷயம் அதோட முடிஞ்சுது.

ஃபிட்டர்: நல்லா ஓடற மீட்டரை எதுக்கு மாப்ளே கெட்டதுன்னு சொல்லணும்? பாவம், வாயில்லா ஜீவன்.

சூப்பர்வைசர்: வெளையாடாதே. எட்டு மணிக்குத் தலைமை ஆபீஸ்லேர்ந்து தண்ணி இன்ஜினியர் வர்றாங்க. நேரா இந்த பம்ப் ரூமுக்குத்தான் வருவாங்க. வந்ததும் மொதல் கேள்வி என்ன தெரியுமா? உங்க ஆலையில தினம் எண்பதாயிரம் லிட்டர் திடீர்னு எப்படிக் குறைஞ்சுது?

ஃபிட்டர்: கூடினாத்தானே கேக்கணும்? குறைஞ்சா எதுக்குக் கேக்கறாங்க?

சூப்பர்வைசர்: கூடினா யாரு கேட்டா? இருபது வருஷமா கூடிக்கிட்டேதான் இருந்துச்சு. ஒருத்தர் எட்டிப் பாத்ததில்ல. குறைஞ்சதும் டிக்கெட் போட்டு வர்றாங்க.

ஃபிட்டர்: அப்ப உண்மையைச் சொல்லிட்டாப் போச்சு.

சூப்பர்வைசர்: என்னன்னு சொல்ல? என் பொண்டாட்டியோட அண்ணன், முப்பது வருஷமா குழாயோட குடும்பம் நடத்தறவர், ஞாயித்துக்கெழமை மெஷின் நின்னப்ப சாக்கடைக்குப் போற குழாயைத் தூக்கித் தொட்டியில மாட்டிட்டார்னா?

ஃபிட்டர்: கை தவறிடுச்சு. யாருக்கும் நடக்கறதுதானே.

சூப்பர்வைசர்: உப்பு கூடிப்போனா கை தவறிடுச்சுங்கலாம். மூணு இஞ்ச் குழாய் கை தவறுமா?

ஃபிட்டர்: வயசாவுதுல்ல.

சூப்பர்வைசர்: ம்... பந்தியில உக்காந்தா மட்டும் வயசு குறைஞ்சிடுது.

ஃபிட்டர்: சரி, என்ன கெட்டுப்போச்சு இப்போ? பாட்டிலைக் கழுவி முடிச்சு, கடைசியா ஒரு தடவை அலசறோம்ல... அந்தத் தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும். இத்தனை வருஷமா நேரா சாக்கடைக்குப் போச்சு. இப்ப மொதல் தொட்டிக்குப் போகுது. அழுக்கு பாட்டில் முதமுதல்ல நனையற தொட்டி. அதுக்கப்புறம் காஸ்டிக் சோடா கரைச்ச காரத் தொட்டி இருக்கு. அதுக்கப்புறம் புதுத் தண்ணியில அலசல் இருக்கு. பாட்டிலுக்கு என்ன கொறைச்சல்? லேப்ல பாத்தியா?

சூப்பர்வைசர்: பாக்காம இருப்பேனா? பத்தொன்பது நாளா தினம் ரெண்டு வேளை பாக்கறேன். ஒரு புள்ளி குத்தம் இல்ல.

ஃபிட்டர்: பத்தொன்பதா? மாட்டினதே பத்தொன்பது நாள் முன்னாடிதான். நீ மூணாம் நாள்தானே கண்டுபிடிச்சே?

சூப்பர்வைசர்: ...ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும். இப்ப அதுவா முக்கியம்?

ஃபிட்டர்: இல்ல, சும்மா கேட்டேன்.

சூப்பர்வைசர்: மச்சான், நல்லாக் கேட்டுக்கோ. இது கூல்டிரிங்க் ஆலை, ஜனங்க வாயில வைக்கற பொருள். அனுமதி இல்லாம குழாயில கை வெச்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. சின்னவ காலேஜ்ல மொதல் வருஷம். ஞாபகம் இருக்கா?

ஃபிட்டர்: நீயே சூப்பர்வைசர். நீயே அனுமதி கொடுத்தேன்னு சொல்லிடு. நீதான் எதையும் படிக்காம கையெழுத்துப் போடறவனாச்சே.

சூப்பர்வைசர்: ஆரம்பிச்சுட்டான்யா...

ஃபிட்டர்: சனிக்கெழமை ஸ்டோர்ல சாமான் எடுக்கற சீட்டு ஒரு கட்டு வரும். இந்தக் கையில டீ, அந்தக் கையில பேனா. சரக் சரக்னு போட்டுக்கிட்டே போவே. கல்யாணப் பதிவுலயே மாப்பிள்ளை போட வேண்டிய எடத்தை விட்டுட்டு சாட்சி எடத்துல போட்ட ஆளு நீ. ரெஜிஸ்திரார் கேட்டாரே, 'அப்ப மாப்பிள்ளை யாருப்பா?'ன்னு.

சூப்பர்வைசர்: இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் அந்தக் கதையை விடமாட்டியா?

ஃபிட்டர்: உன் பேரன் கல்யாணத்துலயும் சொல்லுவேன். சரி, தங்கச்சி என்ன சொல்றா?

சூப்பர்வைசர்: அவளுக்கென்ன, ராஜாத்தி. நம்ம தெரு முனை அடிபம்புல முன்னல்லாம் அறுபது தடவை அடிச்சாத்தான் ஒரு குடம். நேத்து எண்ணிச் சொல்றா, இருபத்திரெண்டு தடவைதானாம். லாரிக்காரனுக்காகக் காலையில நாலரைக்கு எந்திரிக்கறது இல்ல. ஆறு மணி வரைக்கும் குறட்டை.

ஃபிட்டர்: அதான் ஆலையோட நாலாம் நம்பர் போர்வெல் ஓடலையே. நம்ம அடிபம்புக்கும் அதுக்கும் கூப்பிடு தூரம்.

சூப்பர்வைசர்: தெரியும். தண்ணி கம்மியாப் போதும்னு நான்தானே நிறுத்தி வெச்சிருக்கேன்.

ஃபிட்டர்: அப்ப நல்லதுதானே நடந்திருக்கு?

சூப்பர்வைசர்: நல்லது நடந்தா அதுக்கு ஒரு ஃபாரம் கேப்பாங்க மச்சான். கெட்டது நடந்தாத்தான் ஒண்ணும் கேக்கமாட்டாங்க... ஷ்! செருப்புச் சத்தம். நீ பேசாம நில்லு. நான் பேசிக்கறேன்.

ஃபிட்டர்: சரிங்க சார்.

சூப்பர்வைசர்: சாரா?

ஃபிட்டர்: ஆள் முன்னாடி சார்தானே.

இன்ஜினியர்: உள்ள வரலாமா? பம்ப் ரூம் இதுதானே?

சூப்பர்வைசர்: வாங்க மேடம், வாங்க! எட்டு மணின்னு சொன்னாங்க. இப்ப ஏழரைதானே ஆவுது. கேட்லேர்ந்து போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே.

இன்ஜினியர்: பரவால்ல சார். ஆறரைக்கே வந்துட்டேன். சும்மா ஒரு சுத்து சுத்திப் பாத்தேன்.

சூப்பர்வைசர்: ஆறரைக்கா? எ... எங்கெல்லாம் சுத்தினீங்க?

இன்ஜினியர்: அங்கே இங்கே. இவர்?

சூப்பர்வைசர்: நம்ம ஃபிட்டர், மேடம். சீனியர் ஆள். ரொம்ப அமைதி.

இன்ஜினியர்: வணக்கம்ணா.

ஃபிட்டர்: வணக்கம்மா.

சூப்பர்வைசர்: மேடம், நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். மீட்டர் கெட்டுப்போச்சு. பழசு. துரு ஏறிடுச்சு. நாளைக்கே மாத்திடறோம். மாத்தினா நம்பர் தானா பழையபடி ஏறிடும்.

இன்ஜினியர்: மீட்டர் கெட்டா பொதுவா நின்னு போகும் சார். இது நிக்கலையே. தினம் கரெக்டா எண்பதாயிரம் கம்மியாக் காட்டுதே. இவ்வளவு ஒழுங்கா கெட்டுப்போன மீட்டரை நான் பாத்ததே இல்ல.

ஃபிட்டர்: அது நல்ல மீட்டரும்மா.

சூப்பர்வைசர்: நீங்க சும்மா இருங்க.

இன்ஜினியர்: இருங்க, அளந்தே பாத்துடலாம். இந்தப் பட்டையைக் குழாய் மேல கட்டினா உள்ள எவ்வளவு ஓடுதுன்னு இந்தப் பெட்டி சொல்லிடும். அண்ணா, அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கறீங்களா?

ஃபிட்டர்: பெயின்ட்டைச் சொரண்டிட்டுக் கட்டும்மா. மேல கட்டினா தப்பாக் காட்டும். இந்தா, உப்புத்தாள்.

இன்ஜினியர்: அட! ஆபீஸ்ல எனக்குக் கிளாஸ் எடுத்தவங்களே இதைச் சொல்லலை... ம், இப்ப பாருங்க. என் பெட்டியில நாப்பத்தொண்ணு. உங்க மீட்டர்ல?

ஃபிட்டர்: நாப்பத்தொண்ணு.

இன்ஜினியர்: சூப்பர்வைசர் சார், உங்க மீட்டர் தங்கம்.

சூப்பர்வைசர்: ...சந்தோஷம் மேடம்.

இன்ஜினியர்: உங்க மொகத்துல அது தெரியலையே. சரி, அப்ப எண்பதாயிரம் லிட்டர் எங்கே போச்சு? எட்டு லாரித் தண்ணி. ஒரு நாளைக்கு.

சூப்பர்வைசர்: உற்பத்தி கொஞ்சம் கம்மி...

இன்ஜினியர்: போன மாசத்தை விட ரெண்டாயிரம் பெட்டி கூட.

சூப்பர்வைசர்: வெயில் கம்மி. கூலிங்குக்கு அவ்வளவா...

இன்ஜினியர்: உங்க சட்டை நனைஞ்சிருக்கு சார்.

ஃபிட்டர்: சார், உக்காருங்க. ஸ்டூல் இருக்கு.

இன்ஜினியர்: இல்ல, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. கேட் வாட்ச்மேன் ஏன் இவ்வளவு கோவமா இருக்கார்?

சூப்பர்வைசர்: அவருக்கு என்னவாம்?

இன்ஜினியர்: நான் தலைமை ஆபீஸ்னு சொன்னதும் புடிச்சுக்கிட்டார். பின்பக்கம் சாக்கடை வாய்க்கால்ல அவரோட ஏழு வாத்து நீந்திக்கிட்டு இருந்துச்சாம். மூணு வாரமா தண்ணி பாதியாக் கொறைஞ்சு, வாத்தெல்லாம் கோவிச்சுக்கிட்டு அடுத்த தெரு செங்கல் சூளைக் குட்டைக்குக் குடி போயிடுச்சாம். முட்டை எல்லாம் சூளைக்காரனுக்காம். கம்பெனி நஷ்ட ஈடு தரணுமாம்.

ஃபிட்டர்: அந்தாளு வாத்துக்குப் பொறந்த நாள் கொண்டாடறவரும்மா.

இன்ஜினியர்: வாத்து பொய் சொல்லாதுல்ல? அதனால வாய்க்காலைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடியே நடந்தேன். மொதல் மெஷின் குழாய்லேர்ந்து தண்ணி ஜோரா கொட்டுது. ரெண்டாம் மெஷின் குழாய் வாயில சிலந்தி வலை. என்ன, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மேல பாக்கறீங்க. கூரையில என்ன இருக்கு?

ஃபிட்டர்: நான் மாட்டினதும்மா.

சூப்பர்வைசர்: மச்சா... ஃபிட்டர்! நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல?

இன்ஜினியர்: மச்சானா? ரெண்டு பேரும் சொந்தமா?

சூப்பர்வைசர்: இல்ல மேடம்... ஆமா மேடம்... அதாவது, வேலை நேரத்துல இல்ல.

ஃபிட்டர்: என் தங்கச்சியைக் கட்டியிருக்கார்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கடைசி அலசல் தண்ணிக் குழாய் வாஷர் போய் ஒழுகிச்சு. ஞாயித்துக்கெழமை கழட்டினேன். திரும்ப மாட்டறப்ப கை தவறி மொதல் தொட்டியில மாட்டிட்டேன். தொட்டியில மிதவை இருக்கா, தொட்டி நெறைஞ்சே இருந்ததால புதுத் தண்ணி வர்ற வழி தானா மூடிக்கிச்சு. எண்பதாயிரம் மிச்சம். அவ்வளவுதான் கதை.

இன்ஜினியர்: தப்பா மாட்டிட்டீங்க.

ஃபிட்டர்: தப்பா மாட்டிட்டேன்.

இன்ஜினியர்: அந்த எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டவே வேண்டாம்ணா, நானே பாத்துட்டேன். அழகான வேலை. சாய்வு கரெக்டா இருக்கு. நடுவுல ஒரு வடிகட்டி வெச்சிருக்கீங்க. சாம்பிள் எடுக்க ஒரு குட்டிக் குழாய் கூட. தப்புக்கு இவ்வளவு பாலிஷ் போட்டு நான் பாத்ததில்ல.

ஃபிட்டர்: தப்புதான், இருந்தாலும் ஒழுங்காப் பண்ணலாம்னு...

இன்ஜினியர்: மொதல் மெஷினுக்கும் பண்ணியிருந்தா பதினாறு லாரி ஆயிருக்குமே. ஏன் பண்ணலை?

ஃபிட்டர்: தப்பு ஒரு தடவைதானேம்மா நடக்கும். ரெண்டு தடவை நடந்தா அதுக்கு வேற பேரு.

இன்ஜினியர்: ஹ... சார், உங்க மச்சான் ரொம்ப அமைதின்னு சொன்னீங்களே.

சூப்பர்வைசர்: இன்னைக்கு மட்டும் இப்படி மேடம்.

இன்ஜினியர்: உக்காருங்க ரெண்டு பேரும். நான் இந்த ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணி இன்னைக்கே அனுப்பியாகணும். இதுல ஒரு கேள்வி இருக்கு. மாற்றம் நடந்த காரணம். ரெண்டு கட்டம். ஒண்ணு, தவறு. ரெண்டு, திட்டமிட்டது.

சூப்பர்வைசர்: தவறு. தவறுல டிக் அடிங்க மேடம். நல்லா அழுத்தி அடிங்க.

ஃபிட்டர்: இரு மாப்ளே. தவறுன்னு போட்டா என்ன ஆகும்மா?

இன்ஜினியர்: உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். வேற ஒண்ணும் இல்ல. இருபத்திநாலு மணி நேரத்துல குழாயைப் பழையபடி சாக்கடையில மாட்டிடணும்.

ஃபிட்டர்: திரும்ப சாக்கடையிலயா?

இன்ஜினியர்: தவறுன்னா திருத்தணும்ல?

ஃபிட்டர்: நாலாம் நம்பர் போர்?

சூப்பர்வைசர்: திரும்ப ஓட்டித்தான் ஆகணும். வேற வழி?

ஃபிட்டர்: ம்... திட்டமிட்டதுன்னு போட்டா?

இன்ஜினியர்: குழாய் அப்படியே இருக்கும். தொண்ணூறு நாள் சோதனை நடக்கும். நல்லா வந்தா நம்ம கம்பெனியோட இருபத்தாறு ஆலைக்கும் இதே மாதிரி போகும். பதினோரு நாட்டுல. ஆனா ஒண்ணு. மாட்டறதுக்கு முன்னாடியே பொறுப்புல இருக்கறவர் எழுத்துல அனுமதி கொடுத்திருக்கணும். அப்படி ஒரு காகிதம் இல்லேன்னா, மாட்டினவர் வேலை போயிடும்.

ஃபிட்டர்: எந்த மகராசன் எழுதின சட்டம்மா இது?

இன்ஜினியர்: எனக்கும் பிடிக்கலை. ஆனா காரணம் இல்லாம எழுதலை. ஆளாளுக்குக் குழாயைத் திருப்பினா, நாளைக்கு யாரோ ஒருத்தர் காரத் தண்ணியைப் பாட்டிலுக்குள்ள விட்டுடுவார். அதைக் குழந்தை குடிக்கும்.

ஃபிட்டர்: அதுவும் நியாயம்தான்.

சூப்பர்வைசர்: என்ன நியாயம்? தவறுன்னு போடச் சொல்லு. கடிதத்தை வாங்கி மடிச்சு வெச்சுக்கோ. ரெண்டு வருஷம் ஓட்டு. போ.

ஃபிட்டர்: மேடம், நான் ஒண்ணு கேக்கலாமா?

இன்ஜினியர்: கேளுங்க.

ஃபிட்டர்: கம்பெனி வருஷா வருஷம் ஒரு புத்தகம் போடுது. வழவழன்னு. அட்டையில ஒரு குழந்தை ரெண்டு கையிலயும் தண்ணி ஏந்திக்கிட்டு நிக்கும். உள்ள, தண்ணியைக் காப்பாத்தறோம், பாதியாக் குறைக்கறோம்னு இருக்கும். கேன்டீன்ல கெடக்கும், எல்லாரும் கை தொடைக்க எடுப்பாங்க...

சூப்பர்வைசர்: ஐயோ, அந்தப் புத்தகம் இவங்க எழுதினதா இருக்கப்போவுது.

இன்ஜினியர்: பதினேழாம் பக்கம் மட்டும் நான். சொல்லுங்க.

ஃபிட்டர்: அது நெசமா, சும்மாவா?

இன்ஜினியர்: பாதி நெசம். மரம் நடறோம், போட்டோ எடுக்கறோம். அது சும்மா இல்ல, ஆனா சுலபம். கஷ்டமானது ரெண்டு. ஒண்ணு, ஆலைக்குள்ள ஓடறது. அதுல நீங்க கை வெச்சுட்டீங்க. இன்னொண்ணு, சர்க்கரை.

ஃபிட்டர்: சர்க்கரையா?

இன்ஜினியர்: ஒரு பாட்டிலுக்கு நாம ஊத்தற தண்ணியும் கழுவற தண்ணியும் கொஞ்சம்ணா. அதுக்குள்ள இருக்கற சர்க்கரைக்காக வயல்ல கரும்பு குடிச்ச தண்ணிதான் மலை. நம்ம கம்பெனி வாங்கற கரும்பு எத்தனை ஆயிரம் ஏக்கர் தெரியுமா? சொட்டுக் குழாய் போடற விவசாயிகிட்ட மொதல்ல வாங்கறோம், குழாய்ச் செலவுல பாதி நாங்க தர்றோம்னு ஒரே ஒரு வரி ஒப்பந்தத்துல எழுதினாப் போதும். ஒரு ஆறே மிச்சம் ஆகும்.

ஃபிட்டர்: எழுதிட வேண்டியதுதானே?

இன்ஜினியர்: மூணு வருஷமா எழுதறேன். ரெண்டு மாவட்டத்துல ஒத்துக்கிட்டாங்க. பெரிய கம்பெனி யானை மாதிரிண்ணா. திரும்பறதுக்கு நேரமாகும். திரும்பிடுச்சுன்னா பாதை பெருசா இருக்கும்.

ஃபிட்டர்: சரி, யானை கரும்பைப் பாக்கட்டும். இங்கே மிச்சமான எட்டு லாரி என்ன ஆகும்? அதை வெச்சு மூணாவது லைன் போட்டு இன்னும் ரெண்டு லட்சம் பாட்டில் நிரப்பப் போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபடுதே.

சூப்பர்வைசர்: யாரு சொன்னா உனக்கு?

ஃபிட்டர்: நீதான், தூக்கத்துல. தங்கச்சி கேட்டுட்டு வந்து சொன்னா.

இன்ஜினியர்: அந்தப் பேச்சு நெசம். ஃபைல் என் மேசையிலதான் இருக்கு.

ஃபிட்டர்: அப்ப இங்கே மிச்சம் பிடிச்சு அங்கே ஊத்தறதா? எங்க தெருவுல இருநூறு வீடும்மா. மூணு நாளைக்கு ஒரு தடவை லாரி. என் தங்கச்சி குடத்தைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை எறங்கிப்போச்சு. இப்ப பத்தொன்பது நாளாத்தான் அடிபம்புல மனுஷி மாதிரி தண்ணி அடிக்கறா.

இன்ஜினியர்: என்ன செய்யணும்னு நினைக்கறீங்க? சும்மா சொல்லுங்க, எழுதிக்கறேன்.

ஃபிட்டர்: நாலாம் நம்பர் போர் நமக்கு வேண்டாம்னு கம்பெனி எழுதிக் கொடுத்துடணும். பூட்டி, சாவியை ஊர்க்காரங்ககிட்ட கொடுத்துடணும். அப்புறம் இந்த மீட்டர் இருக்குல்ல, இதே மாதிரி ஒண்ணைக் கேட்டுக்கு வெளிய வைக்கணும். தெருவுல போறவன் நின்னு பாக்கட்டும், கம்பெனி இன்னைக்கு எவ்வளவு குடிச்சுதுன்னு.

சூப்பர்வைசர்: கேட் வாட்ச்மேன் அதுக்குக் கீழே வாத்தைக் கட்டிடுவார்.

இன்ஜினியர்: ரெண்டையும் எழுதறேன். ஆனா உண்மையைச் சொல்லிடறேன்ணா. சோதனை நடந்தாத்தான் இதெல்லாம் பேச முடியும். தவறுன்னு டிக் அடிச்சுட்டு, அந்தத் தவறைத் திருத்திட்டு, அப்புறம் போரை ஒப்படைங்கன்னு கேட்டா என்னைப் பாத்துச் சிரிப்பாங்க.

சூப்பர்வைசர்: மேடம், அவருக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு. ஒரு பொண்ணு படிக்குது. போரு எங்கேயும் ஓடிப்போகாது. தவறுல அடிங்க, நான் சொல்றேன்.

ஃபிட்டர்: மாப்ளே.

சூப்பர்வைசர்: பேசாதே.

ஃபிட்டர்: திட்டமிட்டதுன்னு போடும்மா.

சூப்பர்வைசர்: மச்சான்!

ஃபிட்டர்: கை ஒண்ணும் தவறலை. தெரிஞ்சேதான் மாட்டினேன். நாலு வருஷமா மனசுக்குள்ள மாட்டிக் கழட்டி மாட்டிக் கழட்டி, அன்னைக்கு நெசமா மாட்டினேன்.

இன்ஜினியர்: யார்கிட்டயும் முன்னாடி சொல்லலையா?

ஃபிட்டர்: கேன்டீன் வாசல்ல யோசனைப் பெட்டின்னு ஒண்ணு தொங்குது. படம் வரைஞ்சு ரெண்டு தடவை போட்டேன். மூணாம் தடவை போடப் போனா உள்ளேர்ந்து குளவி வந்து கையில கொட்டிச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, அதை யாரும் தெறக்கறதே இல்லைன்னு. அப்புறம் ஒருத்தர்கிட்ட வாயால சொன்னேன். மேல கேக்கணும்னார்.

இன்ஜினியர்: யாரு அவர்?

ஃபிட்டர்: மறந்துடுச்சும்மா. வயசாவுதுல்ல. எப்படியும் இதுல வேற யாருக்கும் சம்பந்தம் இல்ல. சூப்பர்வைசருக்கு ஒண்ணும் தெரியாது. நல்லா எழுதிக்கங்க, ஒண்ணும் தெரியாது.

இன்ஜினியர்: வேலை போயிடும்னு சொன்னேனே, காதுல விழுந்துதா?

ஃபிட்டர்: விழுந்துது. கையில தொழில் இருக்கு. இருநூறு வீட்டுக் குழாயும் இவ்வளவு நாள் காத்து குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இனிமே தண்ணி வந்தா ஒழுகும். ஒழுகினா என்னைத்தானே கூப்பிடணும்? பொழைச்சுக்கறேன்.

சூப்பர்வைசர்: உன் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

ஃபிட்டர்: தூக்கத்துல சொல்லு. கேட்டுக்குவா.

இன்ஜினியர்: சரி. திட்டமிட்டது. டிக் அடிச்சாச்சு.

சூப்பர்வைசர்: மேடம்... ஒரு நிமிஷம்... நான் ஒண்ணு...

இன்ஜினியர்: இருங்க சார், உங்க முறை வரும். அண்ணா, சாக்கடைக் குழாய் மூணு இஞ்ச். தொட்டி வாய் எத்தனை இஞ்ச்?

ஃபிட்டர்: ரெண்டு.

இன்ஜினியர்: மூணைத் தூக்கி ரெண்டுல மாட்ட முடியுமா?

ஃபிட்டர்: நடுவுல ரெட்யூசர் போடணும். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல்.

இன்ஜினியர்: அதனாலதான் அதைப் பாத்த நிமிஷமே தெரிஞ்சுது, இது தப்பு இல்லைன்னு. ரெட்யூசர் எங்கேர்ந்து வந்துச்சு?

ஃபிட்டர்: ஸ்டோர்லேர்ந்து. சனிக்கெழமை சீட்டுக் கட்டுக்கு நடுவுல அதையும் சொருகி விட்டேன். எதுக்காகன்னு ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியா விட்டுட்டேன். இவர் எதையும் பாக்கமாட்டார். டீ குடிச்சுக்கிட்டே போட்டுட்டார். அதுக்காக இவரைப் பிடிக்காதீங்கம்மா. ஏமாத்தினது நான்.

இன்ஜினியர்: ஆறரை மணிக்கு வந்து எங்கே சுத்தினேன்னு சார் கேட்டாரே. அந்த ரெட்யூசரைப் பாத்ததும் நேரா போனது ஸ்டோருக்குத்தான். சீட்டு என் பையில இருக்கு. இந்தாங்க. மாட்டினதுக்கு மொத நாள் தேதி. அந்தக் கட்டத்தைப் படிங்க.

ஃபிட்டர்: காலியாத்தான் இருக்கும்மா.

இன்ஜினியர்: படிங்கண்ணா.

ஃபிட்டர்: இரு, கண்ணாடி... 'ரெண்டாம் மெஷின் கடைசி அலசல் தண்ணியை மொதல் தொட்டிக்குத் திருப்பிவிட. அனுமதிக்கப்பட்டது.' ...இது யாரு எழுதினது?

இன்ஜினியர்: எழுத்துல அனுமதி. முன்கூட்டியே. பொறுப்புல இருக்கறவர் கையெழுத்தோட. எனக்கு இது போதும். வேலை எங்கேயும் போகாது.

ஃபிட்டர்: அப்ப என்னை எதுக்கும்மா இவ்வளவு நேரம் வறுத்தெடுத்தே?

இன்ஜினியர்: கையெழுத்து யாருதுன்னு தெரிஞ்சுது. யோசனை யாருதுன்னு தெரியலை. இருபத்தாறு ஆலைக்குப் போகப்போற விஷயம், மேல ஒரு பேரு எழுதணும்ல. அதை உங்க வாயாலயே கேக்கணும்னு இருந்தேன்.

ஃபிட்டர்: மாப்ளே... இது உன் எழுத்து. நீ படிச்சியா? நீதான் எதையும் படிக்கவே மாட்டியே!

சூப்பர்வைசர்: நாலு வருஷம் முன்னாடி எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில நீ இதைச் சொன்னப்ப, மேல கேக்கணும்னு சொல்லிட்டுக் கை கழுவ எந்திரிச்சுப் போயிட்டேன் மச்சான், கேக்கத்தான் எனக்குத் தைரியம் வரலை... அன்னையிலேர்ந்து ஒவ்வொரு சனிக்கெழமையும் அந்தக் கட்டுல இருக்கற சீட்டை ஒண்ணு விடாம படிச்சுட்டு, படிக்காத மாதிரியே கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன், என்னைக்காவது ஒரு நாள் நீ ரெட்யூசர் கேப்பேன்னு.